ஏணியில் ஏறித் தேடிய ஜமால் பாய்

ஜமால் பாய் இறந்த செய்தி ஜமால் பாயின் எண்ணிலிருந்தே வந்தது. நான் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தன் பெயர் சின்னதாகத் தெரிகிறது என்று மணமகளின் அப்பா மறுபடியும் அழைத்துக் குறைப்பட்டிருந்தார். கைப்பேசியில் பாயின் பெயர் மின்னியதும், "தங்கச்சி, படம் தொறக்க மாட்டேங்குது" என்ற வழக்கமான புகாராகத்தான் இருக்கும் என்று கவிழ்த்து வைத்துவிட்டேன். மணமகளின் அப்பாவைப் பெரிய மனிதராக்கி முடித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். "வாப்பா காலையில மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்குப் பெறகு அடக்கம். ரியாஸ்." பாயின் மகன் அப்பாவின் கைப்பேசியிலிருந்தே நம் இயற்கைச் சங்கத்துக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

அன்று ஜாசினில் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்த உங்களில் பலருக்கு நான் எந்த வேகத்தில் உள்ளே போனேன் என்பது நினைவிருக்கும். உள்ளே பாயின் மனைவி பாத்திமா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழவில்லை. "நேத்து முழுக்க ஒரு வண்ணத்துப்பூச்சிப் படத்த வெப்சைட்டுல ஏத்தணும்னு நோண்டிக்கிட்டே இருந்தாரு மல்லிகா. முடியலன்னதும், தங்கச்சிக்கு நாளைக்குப் போன் போடணும்னாரு," என்றார். அதைக் கேட்டதும் எனக்குத்தான் அழுகை பீறிட்டது. துக்கம் கேட்கப் போனவளைத் துக்க வீட்டுக்காரர் தேற்றும்படி ஆயிற்று.

அடக்கம் முடிந்து ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பியபின், நம் சங்கத் தலைவர் பரமசிவம் சார் வாசற்படியருகே என்னைத் தனியாக அழைத்தார். அவர் காப்புறுதி முகவர். எதையும் தள்ளிப்போடப் பிடிக்காதவர். "தப்பா எடுத்துக்காதம்மா. வெப்சைட்டுல அடியில பாய் பேரு இருக்குலா? அத எடுத்துட்டு உன் பேரப் போட்டுடு. பாக்குறவங்க அவருக்குப் போன் அடிச்சா அந்த வீட்டுக்குத்தான் கஷ்டம்," என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. நமது இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "இத்தளத்தைக் கவனித்துக்கொள்பவர்: ஜமால், ஜாசின்" என்று ஒரு வரி உண்டு. அதை மாற்றுவது நொடி வேலை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாரங்கள் போயும் அந்த வரியில் என்னால் கைவைக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்ல, அவர் அந்தத் தளத்தை நடத்திய விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே சண்டையில்தான். செர்காம் கடற்கரையில் சங்கம் நடத்திய ஒரு நடைப்பயணத்துக்குப் பதாகை அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தார். சங்கத்தின் சின்னம் வேண்டும் என்றேன். "நம்ம வெப்சைட்டுல இருக்கு, எடுத்துக்குங்க," என்றார் மிகப் பெருமையாக. திறந்தேன். கணினிக்குள்ளிருந்து ஒரு முராய்க் குருவி அச்சகமே அதிரும்படி கத்தியது. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "எவன்டா கூண்ட உள்ள கொண்டாந்தது?" என்று எழுந்து வந்தார். கரும்பச்சை நிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து. நான்கு மூலையிலும் கண்ணடிக்கும் வண்ணத்துப்பூச்சிகள். உச்சியில் "வருக வருக" என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வரி. நாளெல்லாம் பத்திரிகைக்கு எழுத்தும் நிறமும் பொருத்திப் பிழைப்பவள் நான். வாயை அடக்க முடியவில்லை. "பாய், இது இயற்கைச் சங்கமா, தீபாவளி மலிவு விற்பனையா?" என்று கேட்டுவிட்டேன்.

வேறு யாராயிருந்தாலும் பதாகையே வேண்டாம் என்று போயிருப்பார்கள். அவர் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மலிவு விற்பனைக்குக் கூட்டம் வரும்லா?" என்றார். அடுத்த வாரமே அவருடைய துணிக்கடையில், ரவிக்கைத் துணிக்கும் கைலிக்கும் நடுவே இருந்த அந்தப் பழைய கணினிக்கு முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டார். வாடிக்கையாளர் உட்காரும் சிவப்பு வட்ட ஸ்டூல்தான் என் ஆசனம். சங்கத்தில் உறுப்பினரானது அதற்கப்புறம்தான்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இயற்கைச் சங்கத்துக்காரராக இருந்தும் பாய் அந்தக் கட்சிதான். முதல் பக்கத்தில் எல்லாமே இருக்க வேண்டும் என்பார். பறவை, பாம்பு, காளான், கூட்டத் தேதி, தலைவரின் வாழ்த்துரை, அவர் எடுத்த மங்கலான படங்கள் எல்லாம். "கடையில பாக்கலியா தங்கச்சி? எல்லாத்தையும் வெளிய தொங்கவிட்டாத்தான் ஆளு உள்ள வருவான்." "வர்றவங்க என்ன கேட்டு வர்றாங்கன்னு தெரியாம தொங்கவிட்டா, வாசல மறைச்சதுதான் மிச்சம் பாய்," என்பேன். இந்த வழக்கு பல மாதம் நடந்தது. பாத்திமா அக்கா இரண்டு பேருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, யார் பக்கமும் சாயாமல் போய்விடுவார்.

தீர்ப்புச் சொன்னது ஒரு பாம்பு. தளத்தில் கொடுத்திருந்தது கடையின் எண். ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது பக்கத்துக் கிராமமான ஒரு கம்போங்கிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண் அழைத்தார். குளியலறையில் பாம்பு, குழந்தை வீட்டில் இருக்கிறது, உங்கள் வெப்சைட்டில் பாம்புப் பக்கம் எங்கே என்று தேடித் தேடிக் கிடைக்கவில்லை. பாய் ஒரு கையில் அளவுகோலும் தோளில் பாதி அளந்த துணியுமாக, மலாயில் பதறாமல் சொன்னார். கிட்டே போகாதீர்கள், கதவைச் சாத்துங்கள், அடியில் துணியை அடையுங்கள், பொம்பாவைக் கூப்பிடுங்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து பிடிக்கும்வரை தொடர்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். துணி வாங்க வந்த அம்மாளும் காத்திருந்து கதை முழுவதையும் கேட்டார்.

தொலைபேசியை வைத்ததும் அவர் என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "நம்ம அழகப் பாக்கவா வர்றாங்க? பயந்து போய் வர்றாங்க தங்கச்சி. எல்லாத்தையும் எடு." அன்றைக்கே வண்ணத்துப்பூச்சிகள் பறந்துபோயின. தலைவரின் வாழ்த்துரை உள்ளறைக்குப் போயிற்று. முதல் பக்கத்தின் உச்சியில், கைப்பேசியில் பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்தில், மலாயிலும் தமிழிலும், வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்வது என்று எழுதினோம். முராயின் பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். கடைசியில், விரும்பியவர்கள் அழுத்திக் கேட்கட்டும் என்று ஒரு பொத்தானுக்குள் அதை அடைத்தோம். "கூண்டுல போட்டுட்டியே," என்று அதற்கும் ஒரு குத்தல்.

இனி செர்காம் நீர்நாய்க்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாயை அறியாமல் இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள்.

செர்காமில் கடலில் சேரும் ஆற்றோரத்தில், உப்புத் தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் பாக்காவ் மரங்களுக்கு நடுவே என்னென்ன உயிர்கள் உண்டு என்று நம் தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. பரமசிவம் சார் ஒருமுறை அதை ஒழுங்குபடுத்தினார். நீர்நாயைப் பார்த்ததாக நெடுநாளாக யாரும் சொல்லாததால், அதன் பெயருக்குப் பக்கத்தில் "இப்போது இல்லை" என்று போட்டார். நாங்கள் எல்லாரும் படித்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த ஆற்றோரத்தில் இறால் பண்ணைக் குளம் வெட்ட யாரோ திட்டம் போட்டார்கள். கம்போங்கின் பாலாய் ராயா மண்டபத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டினார்கள். பாயும் போனார். குளம் வெட்ட வந்தவர்கள் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை, உங்கள் இயற்கைச் சங்கமே சொல்லியிருக்கிறது," என்றார்களாம். திரையில் இருந்தது பாயின் தளம். அடியில் பாயின் பெயர்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு நாங்களே அவலைக் கொடுத்திருந்தோம். அன்று கடைக்குத் திரும்பியபோது பாயின் முகத்தை நான் பார்த்தேன். கோபக்காரர் அல்ல அவர். அன்று கோபத்தோடு தொலைபேசியை எடுத்தார். பரமசிவம் சாரை வரச் சொன்னார்.

"யாரும் பாத்ததா சொல்லல பாய். அதான் இல்லைனு போட்டேன்," என்றார் சார்.

"யாராச்சும் போய்ப் பாத்தோமா சார்?"

பாய் சுவரில் சாய்ந்திருந்த ஏணியைக் காட்டினார்.

"இந்தக் கடையில ஒரு அம்மா வந்து ஒரு கலரு கேட்டா, இல்லைனு சொல்றதுக்கு முந்தி நான் ஏணியில ஏறுறேன். மேல் தட்டு வரைக்கும் தேடிட்டுத்தான் எறங்கி வந்து சொல்றேன். ஒரு மொழம் துணிக்கே அப்படின்னா, ஒரு உசுரு இல்லைன்னு உக்காந்த எடத்துலேயே எப்படிலா எழுதுறது?"

எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. அந்த ஆற்றில் மீன் பிடிக்கும் பாக் மான், நீர்நாய் தன் வலையைக் கிழிப்பதாக எப்போதும் திட்டிக்கொண்டிருப்பார். அவர் சொல்வதை வைத்து "இருக்கிறது" என்று மாற்றிவிடலாமே என்றேன். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "போகாம இல்லைனு எழுதினது தப்புன்னா, போகாம இருக்குனு எழுதுறதும் அதே தப்புதான் தங்கச்சி. போய் உக்காருவோம்." அடுத்த ஊர்க்கூட்டத்துக்குள் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் நாங்கள் எழுதிய பொய்யை மெய்யாக்கிக் குளம் வெட்டிவிடுவார்கள்.

போய் உட்கார்ந்தோம். கடையிலிருந்து இரண்டு சிவப்பு ஸ்டூல்களை அவர் வேனில் ஏற்றிக்கொள்வார். விடிந்ததும் போய், வெயில் ஏறும்வரை ஆற்றோரச் சேற்றில் ஸ்டூல் மெல்ல மெல்லப் புதைய உட்கார்ந்திருப்போம். கொசு என்னை மட்டும் தேடி வந்து கடிக்கும். அவர் அசையவே மாட்டார். நோன்பு மாதம் வந்தது. அப்போதும் பாத்திமா அக்கா எனக்கென்று கறிபாப்பும் ஒரு குடுவைத் தேநீரும் கொடுத்தனுப்பினார். நோன்பிருக்கும் பாய் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். "சாப்பிடுலா. நோன்பு எனக்குத்தானே, உனக்கா? நீ தின்னு, நான் ஆத்தப் பாக்குறேன்," என்று அதட்டினார். ஆற்றைப் பார்த்தபடியே தின்றேன். நீர்நாய் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் கடைக்கு வந்ததும் தளத்தில் ஒரு வரி போடுவார்: "இன்று உட்கார்ந்தோம், காணவில்லை." இல்லை என்று ஒருமுறைகூட எழுதவில்லை. உறுப்பினர்கள் சிலர் கேலி பேசினார்கள். சங்கத்தின் பெயரை உட்காரும் சங்கம் என்று மாற்றிவிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். இதைப் படித்ததும் அவரே சிரித்துக்கொள்வார். எனக்கும் உள்ளுக்குள் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. "வராட்டி என்ன பாய் செய்றது?" என்று ஒருநாள் கேட்டேன். "வரலைனு எழுதுவோம். அப்ப அது நம்ம உக்காந்து எழுதின இல்லை. அத நான் யாரு முன்னாடியும் சொல்லுவேன்," என்றார்.

நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு ஒரு காலை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாய் திடீரென்று என் முழங்கையைப் பிடித்தார். எதிர்க்கரையில் வேர்களுக்கு நடுவிலிருந்து தேங்காய் மட்டை போல ஒரு தலை வந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் குட்டிகள், தாயின் முதுகில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக. முன்னால் போன பெரியது வாயில் ஒரு கெளுத்தி மீனைக் குறுக்காகக் கவ்வியிருந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவர்களால் ஆபத்தில்லை என்று முடிவு செய்ததுபோல் கடந்து போய்விட்டது. பாயின் கழுத்தில் பெரிய கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. கன்னத்தில் கண்ணீர் ஓட, "வந்துட்டாங்கலா, வந்துட்டாங்கலா," என்று சம்பந்தி வீட்டார் வந்ததுபோல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் போன பிறகு நினைவு வந்து கேமராவைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்தார். அதில் தண்ணீரில் ஒரு வளையம் இருக்கிறது. நல்ல வேளை, நான் கைப்பேசியில் எடுத்திருந்தேன்.

ஊர்க்கூட்டத்தில் அந்தப் படங்களைக் காட்டினோம். தளத்தில் இருந்தது எங்கள் தவறு என்று பரமசிவம் சாரே எழுந்து சொன்னார். அதற்குத் தைரியம் வேண்டும். இறால் குளம் ஆற்றோரத்தை விட்டுத் தள்ளிப் போயிற்று. எல்லாம் எங்களால்தான் என்று மார்தட்ட மாட்டேன்; பாக் மானும் ஊர்க்காரர்களும் போட்ட சத்தம் எங்களுடையதைவிடப் பெரிது. ஆனால் நாங்கள் உட்காரவில்லை என்றால் அந்தச் சத்தத்தை அமுக்கியிருக்கப்போவது எங்கள் எழுத்துதான்.

அதன் பிறகு தளம் முழுவதும் தேடி, உட்காராமல் எழுதிய ஒவ்வோர் "இல்லை"யையும் எடுத்தோம். எந்த உயிரின் பெயரைத் திறந்தாலும், யார், எங்கே உட்கார்ந்து பார்த்தது என்று ஒரு வரி வரும்படி நான் பக்கத்தை மாற்றி அமைத்தேன். கேலி செய்தவர்களும் ஸ்டூலோடு கிளம்பினார்கள். நியாலாஸ் செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க வைத்த ஆந்தைப் பெட்டி காலி என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சொன்னதை நம்பாமல், பாயும் நானும் அந்தி சாயும்வரை அடியில் உட்கார்ந்தோம். ஆந்தை வந்தது. வெளியே வந்ததும் முதல் காரியமாகப் பாயின் தொப்பியில் எச்சமிட்டது. "உக்காந்து பாத்ததுக்கு அத்தாட்சி," என்று அந்தத் தொப்பியைத்தான் படமெடுத்துத் தளத்தில் போட்டார். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே தெளிவான படம் அது.

இப்போது சொல்லுங்கள். இப்படிப்பட்ட மனிதரின் பெயரைத் தளத்திலிருந்து நான் எப்படி எடுப்பேன்? எடுப்பது என்றால் அவர் இல்லை என்று எழுதுவதுதானே? துக்க வீட்டுக்குப் போய்வந்தேன் என்பது உண்மை. ஆனால் அவர் கடைக்கு நான் போகவே இல்லை. தளத்தைத் திறக்கும்போதெல்லாம், அவர் அங்கேதான் கைலி அடுக்கிக்கொண்டிருக்கிறார், நான்தான் போகவில்லை என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. சண்டை போட எனக்கிருந்த அண்ணன் அவர் ஒருவர்தான்.

போன வாரம் போனேன். ரியாஸ் மலாக்காவில் பார்த்த வேலையை விட்டு வந்து கடையைத் திறந்திருந்தார். தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் நிற்பு மட்டும் இன்னும் புதுசு. "வாங்கக்கா," என்றவர், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. என் சிவப்பு ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. கணினியின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். உட்கார்ந்தேன். உள்திரைக்குப் பின்னால் பாய் தொழுதுவிட்டு வரும்போது தொண்டையைச் செருமும் சத்தம் எப்போதும் கேட்கும். அதற்காகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு தமிழ் அம்மா வந்து, சேலைக்கு உள்ளே வைத்துத் தைக்க மாம்பழ மஞ்சளில் லைனிங் துணி கேட்டார். "அந்தக் கலரு இல்..." என்று ஆரம்பித்த ரியாஸ் பாதியில் நிறுத்தினார். சுவரில் சாய்ந்திருந்த ஏணியை ஒரு தரம் பார்த்தார். இழுத்துப் போட்டு ஏறினார். மேல் தட்டுவரை ஒவ்வொரு கட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சட்டையெல்லாம் தூசியாக இறங்கி வந்து, "தேடிட்டேன் அக்கா. நெசமாவே இல்ல," என்றார்.

"பரவால்ல தம்பி. ஏறிப் பாத்தீங்களே," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

திரைக்குப் பின்னால் யாரும் செருமவில்லை. வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். அழுதேன். ரியாஸ் அதைப் பார்க்காதவர்போல் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, "அத எடுத்துக்கிட்டுப் போங்கக்கா. வாப்பா அத யாருக்கும் போட மாட்டாரு, தங்கச்சியோடதும்பாரு," என்று ஸ்டூலை என் கையில் கொடுத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஸ்டூலும், பொத்தானுக்குள் கத்திக்கொண்டிருக்கும் முராயும், ஏணியில் ஏறாமல் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்ற பழக்கமும்தான். வீட்டுக்கு வந்ததும் தளத்தைத் திறந்தேன். அடியில் இருந்த பெயரை மாற்றினேன். பிறகு, நம் தளத்து வழக்கப்படி அவருக்கென்று ஒரு பக்கம் திறந்து, ஆந்தை எச்சமிட்ட அந்தத் தொப்பிப் படத்தை வைத்து, கீழே எழுதினேன்:

ஜமால் பாய், ஜாசின். இல்லை.
உட்கார்ந்து பார்த்தவர்: மல்லிகா, அவருடைய கடையில்.